ஏலக்காய் மணத்த தேயிலை

கொதிக்கும் தேயிலைச் சாயத்தில் ஏலக்காய் மணந்தால் இன்றும் என் நெஞ்சு துள்ளும்.

இலங்கை மலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவந்த அக்கா ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகவிருந்தாள். பாஸ்போர்ட் வந்த பிறகுதான் அவளுக்கும் ஒரு பிறந்தநாள் உண்டென்று தெரிந்தது. அதுவும் பயணத்துக்கு முந்தின நாள்! அவளுடைய கொழுந்துக் கூடை போலவே கேக் செய்வதென்று குதித்தேன். எங்கள் லயத்து வீட்டு விறகடுப்பில் கேக் வேகுமா? நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், தேயிலை உலர்த்தும் அடுப்போரம் ஏலக்காய் போட்ட கேக் மாவுத் தகரத்தை நைசாகத் தள்ளிவைத்தேன். கேக் பொங்கியது. கூடவே ஏலக்காய் வாசம் சூட்டுக் காற்றில் ஏறி, தேயிலையில் ஒட்டிக்கொண்டது.

தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயா ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "யாருடா இங்க பாயாசம் காச்சினது?"

வேலை போயிற்றென்றே நினைத்து, அழுதபடி எல்லாம் சொன்னேன். அவர் அந்தத் தேயிலையில் சாயம் ஊற்றி உறிஞ்சினார்.

"இத கொழும்பு ஏலத்துக்கு அனுப்பினா என் மானம் போயிரும். அள்ளி ஒங்க அக்காவுக்குக் கட்டிக்குடு."

பச்சைச் சீனியில் செய்த கொழுந்து நிறைந்த கூடைக் கேக்கைப் பார்த்து அக்கா கேட்டாள்: "தோட்டத்துத் தராசுல கண்டாக்கையா நிறுத்தா எத்தன ராத்தல்டா வரும்?"

கேக் அன்றே தீர்ந்தது. என் தப்புதான் அவளோடு கடல் தாண்டியது.

நானுஓயா ஸ்டேஷனில் ரயில் நகர, தேயிலைப் பொட்டலத்தை அணைத்தபடி சன்னலில் கத்தினாள்: "தம்பி, இது தீர்ற வரைக்கும் எனக்குப் பொறந்தநாள்தான்டா!"