புகையோட வந்த தட்டு

எங்க வீட்டுக்காரருக்கு ஓட்டல்ல உட்கார்ந்து சாப்பிடுறதுக்கு நான் ஒத்திகை நடத்தியிருக்கேன். சிரிக்காதீங்க. மக கல்யாணம் அதுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

முதல்ல அந்த ஓட்டலைச் சொல்லிடுறேன். சிவகாசியில எங்க தெரு முக்குல ஒரு காலண்டர் குடோன் கிடந்துச்சு. அதை எடுத்து ஏசி ரெஸ்டாரன்ட் ஆக்கிட்டாக. சுவத்துல பூச்சு கிடையாது, செங்கல் அப்படியே தெரியுது. ஒவ்வொரு டேபிளுக்கு மேலயும் ஒரு குண்டு பல்பு தொங்குது, வெளிச்சம் மட்டும் வரமாட்டேங்குது. திறந்த புதுசுல போனப்ப எங்க வீட்டுக்காரர் சுவத்தைத் தடவிப் பார்த்துட்டு, "பாவம், சிமெண்டு தட்டிப்போச்சு போல"ன்னாரு. "இதான் இப்ப ஸ்டைலாம்"னேன். "அப்ப நம்ம வீட்டுப் பின்சுவரு எம்புட்டு ஸ்டைலு!"ன்னாரு. ஆறு வருசமாப் பூசாம கிடக்குற சுவரு அது. அதுக்கு நான் தினம் திட்டுற திட்டுக்கு அன்னைக்குப் பதில் சொல்லிட்டாராம்.

அன்னைக்கு எண்ணெய்ப் பரோட்டா சொன்னோம். விருதுநகர்ல இலை நிறையப் பிச்சுப் போட்டு, சால்னாவைக் குளமா ஊத்தி, ஊறுனதுக்கு அப்புறம் அள்ளி அள்ளிச் சாப்பிடுற மனுசன் அவரு. இங்க ஒரு மரப்பலகையில உள்ளங்கை அகலத்துல மூணு பரோட்டா வந்துச்சு. சால்னா, இருமல் மருந்து ஊத்துற அளவுக்கு ஒரு குட்டிக் கிளாஸ்ல. "இது சாம்பிளா?"ன்னு கேட்டாரு. "இல்ல சார், இதான் டிஷ்"னு கொண்டு வந்தவரு சொன்னாரு. "சரி, சாம்பிள் ஓகே. ஆர்டரை அனுப்பிருங்க"ன்னாரு இவரு. எனக்கு எங்கிட்டாவது ஓடிப்போயிரலாம்னு இருந்துச்சு.

இம்புட்டுக்கும் காரணம் அவரு வேலை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில அவரு போர்மேன். மருந்து கலக்குற ரூமு அவரு பொறுப்பு. அந்த ரூமுக்கு நாலு பக்கமும் கதவு இருக்கும், எல்லாக் கதவும் வெளிப்பக்கமாத்தான் திறக்கும். செருப்பு போட்டுட்டு உள்ள போகக் கூடாது. இதெல்லாம் கம்பெனியோட விட்டுட்டு வர்ற ஆளா இருந்தா நான் ஏன் புலம்பப்போறேன்? எந்த இடத்துக்குப் போனாலும் வாசல்ல செருப்பைக் கழட்டுவாரு. பேங்க்னாலும் கழட்டுவாரு, மொபைல் கடைன்னாலும் கழட்டுவாரு. உள்ள போனதும் வாசல் எத்தனைன்னு எண்ணுவாரு. கல்யாண வீட்டுல பொண்ணு மாப்பிள்ளையப் பாக்குறதுக்கு முன்னாடி பின்வாசலைப் பாக்குற ஆளு உலகத்துலயே இவரு ஒருத்தராத்தான் இருக்கும்.

எங்க மக கோயம்புத்தூர்ல வேலை பாக்குறா. கூட வேலை பாக்குற பையனைப் பிடிச்சிருக்குன்னு சொன்னா. நல்ல பையன், எங்களுக்கும் பிடிச்சுப்போச்சு. பையனோட அப்பா பேங்க்ல ஆபீசரா இருந்து ஓய்வு வாங்கினவரு. பையனோட அம்மாதான் இழுத்துக்கிட்டு இருந்தாக. எனக்கு போன் போட்டு, எடுத்த எடுப்புல கேட்டாக: "ஏனுங்க, உங்க வீட்டுக்காரர் பட்டாசு செய்யறவருங்களா? ஆபத்தான வேலைன்னு சொல்றாங்களேங்க. நாளைக்கு எதாவது ஒண்ணுன்னா என்ர பையன் ஓடிவர்றதாட்ட ஆயிருமில்லைங்க?" அவுக குரல்ல பயம் நல்லாத் தெரிஞ்சுச்சு. எனக்கு நாக்கு தானாப் பொரண்டுருச்சு. "சேச்சே, அவுக கம்பெனி ஆபீஸ்லங்க. ஏசி ரூமுங்க"ன்னுட்டேன்.

நான் அச்சாபீஸ்ல பட்டாசு டப்பா லேபிளுக்குப் பிழை பாக்குறவ. ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூட கத்துவேன். அப்பேர்ப்பட்ட நான் புருசனையே பிழையா அச்சடிச்சு அனுப்பிட்டேன்.

வீட்டுல வந்து சொன்னதும் அவரு குடிச்சுக்கிட்டு இருந்த காபியைக் கீழ வச்சாரு. அப்புறம், "இருபத்தாறு வருசம் பாத்த வேலை ஒனக்கு வெக்கமா இருக்காக்கும்?"னு கேட்டாரு. "வெக்கம் இல்லங்க, பயம். பிள்ளைக்கு அமைஞ்சது கை நழுவிப் போயிருமோன்னு பயம்"னேன். "சரி, ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கேன், போ"ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. அந்த முகம் எனக்கு நாலு நாளைக்குக் கண்ணுலயே நின்னுச்சு.

பையன் வீட்டுல இருந்து சேதி வந்துச்சு. நம்ம பக்கம் உறுதி ஆகுறதுக்கு முன்னாடி பொண்ணு வீட்டுல கை நனைக்க மாட்டாக இல்லையா, அதனால வீட்டுக்கு வரலையாம், பொதுவா ஒரு இடத்துல சும்மா பாத்துப் பேசலாமாம். மக அந்த ஓட்டலைச் சொல்லிட்டா. இவரு சாம்பிள் கேட்ட அதே ஓட்டலு!

அதனாலதான் ஒத்திகை. ரெண்டு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போனேன். முதல் ஞாயிறு, செருப்போட உள்ள போறதுக்கே வாசல்ல கால் மணி நேரம். உள்ள போயி உட்கார்ந்ததும் மேனேஜரைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னொரு வாசல் எங்கன இருக்கு?"ன்னாரு. அவரு பாத்ரூம் பக்கம் கையைக் காட்டுனாரு. "அது இல்ல, அவசரம்னா போற வாசலு"ன்னாரு இவரு. "அதுதான் சார், பாத்ரூம்"னாரு மேனேஜர். அப்புறம் வாசக்கதவு உள்பக்கமாத் திறக்குதுன்னு இவரு ஆரம்பிச்சாரு பாருங்க, சூப்பு ஆறி அவலாப் போற வரைக்கும் நிறுத்தல. "எந்தக் கூறுகெட்ட பய இந்தக் கதவை மாட்டுனான்? ஒரு அவசரம்னா எல்லாரும் ஒரேடியா வந்து முட்டுனா எப்படித் திறக்கும்?"

"வாயை மூடுங்க. ஆபீஸ்ல இருக்கிற ஆளு கதவைப் பத்திப் பேசமாட்டாக"ன்னேன்.

ரெண்டாவது ஞாயிறு தேறிட்டாரு. முள்கரண்டி பிடிச்சாரு, வாசலைப் பத்தி மூச்சு விடல. எலுமிச்சம்பழமும் தேங்காய் நாரும் வச்சு அவரு கையை நானே தேச்சுவிட்டேன். மருந்துல கலக்குற அலுமினியப் பவுடர் நகக்கண்ணுல ஏறி, ஈயம் பூசுன மாதிரி மினுங்கும். ஆபீஸ் ஆளுக்கு நகம் ஏன் மினுங்குதுன்னு கேட்டா என்ன சொல்ல? அரைவாசி போச்சு. மீதிக்கு "கையை டேபிளுக்குக் கீழயே வச்சுக்கோங்க"ன்னு சொல்லி வச்சேன்.

அவுக வந்த அன்னைக்கு எல்லாம் நல்லாத்தான் ஆரம்பிச்சுச்சு. பையனும் எங்க மகளும் டேபிள் ஓரத்துல எதிரெதிரா உட்கார்ந்துக்கிட்டாக. எனக்குப் பக்கத்துல எங்க வீட்டுக்காரர். அவருக்கு எதிர்ல பையனோட அம்மா, அவுக பக்கத்துல பேங்க் ஆபீசர். கடை முழுக்க எங்க ஊர்க்காரகதான். பக்கத்து டேபிள்ல ஒரு பிறந்தநாள் கேக்கு.

அந்தம்மா சூப்பு மட்டும் போதும்னாக. எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. ஸ்பூன்ல குடிச்சாக் கை நனையாதே! கெட்டிக்கார அம்மாதான். எங்க வீட்டுக்காரர் ரெண்டு கையையும் டேபிளுக்குக் கீழ வச்சுக்கிட்டு, சூப்பையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. "அண்ணா சாப்புடலீங்களா?"ன்னு அந்தம்மா கேட்டாக. "ஆபீஸ்லயே சாப்ட்டுட்டேன்"னாரு. ஞாயித்துக்கிழமை, மத்தியானம் பன்னெண்டரை. நான் கால்ல ஒரு மிதி மிதிச்சேன்.

பேங்க் ஆபீசர் மட்டும் மெனு கார்டை விடவே இல்லை. "சிஸ்லர்னு போட்டிருக்கு, முள்கரண்டில சாப்பிடற ஐட்டம்தான், ஒண்ணு சொல்லட்டுங்களா?"ன்னு பெண்டாட்டிய ஒரு பார்வை பாத்துட்டுக் கேட்டாரு. சொல்லுங்களேன்னேன். சிஸ்லர்னா ஏதோ ஐஸ்கிரீம்னு நினைச்சேன், சத்தியமா. மகளுக்குத் தெரியும். ஆனா அவ பையன் முகத்தை விட்டு எங்க பக்கம் திரும்புனாத்தானே?

அது வந்துச்சு.

சுட்ட இரும்புத் தட்டு. அந்தம்மா முதுகுக்குப் பின்னாடி இருந்து கொண்டாந்தாக. சுர்ர்ர்ருன்னு சத்தம், ஆளுயரத்துக்கு வெள்ளைப் புகை. மருந்து பத்தும்போது வர்ற சத்தம் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரர் "தீ"ன்னெல்லாம் கத்தல. "ஓடு!" ஒரே வார்த்தை. இருபத்தாறு வருசக் குரலு அது. சேரு பின்னாடி பறந்துச்சு.

எங்க ஊர்ல புகையப் பாத்தா உள்ள நின்னு என்ன ஏதுன்னு யாரும் கேக்கமாட்டாக. வெளிய போய் நின்னுதான் கேப்பாக. மொத்தக் கடையும் எந்திரிச்சுருச்சு. அடேங்கப்பா, எம்புட்டு வேகம்! பிறந்தநாள் டேபிள்காரக கேக்கோட ஓடுனாக. ஒருத்தர் பரோட்டாப் பலகையோட ஓடி, ரோட்டுல நின்னுக்கிட்டே மீதியச் சாப்பிட்டாரு. கேஷ் கவுண்டர்ல இருந்த பொண்ணுகூட ஓடிருச்சு. அவளும் பட்டாசு ஊருக்காரிதானே, பக்கத்துத் திருத்தங்கல்.

நான் எப்படி வெளிய வந்தேன்னு எனக்குத் தெரியல. ஆனா அந்தக் கதவை உள்பக்கமா இழுத்துத் திறந்த முதல் ஆளு நான்தான். பெத்த மகளை விட்டுட்டு, கட்டுன புருசனை விட்டுட்டு, கையில சூப்பு ஸ்பூனோட வாசல்ல நின்னேன். இதைப் பத்தி வீட்டுல யாரும் பேசக் கூடாதுன்னு இன்னைக்கு வரைக்கும் சட்டம் போட்டு வச்சிருக்கேன்.

அடுத்தால எங்க மக வந்தா. தனியா வரல. பையன் மணிக்கட்டைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்தா. அவன் ஒரு கால்ல ஷூ இல்லை. கடைசியா எங்க வீட்டுக்காரர் வந்தாரு. பையனோட அம்மாவை ஒரு கையால அணைச்சு, கிட்டத்தட்டத் தூக்கிக்கிட்டு வந்து, எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில கொண்டுபோய் நிறுத்துனாரு. நிறுத்திட்டு, பிடிச்ச கைய விடாமலே அவுக சேலையில எங்கயாவது பொறி பட்டிருக்கான்னு குனிஞ்சு சுத்திச் சுத்திப் பாத்தாரு.

மேனேஜர் வெளிய வந்து, "சார், அது சிஸ்லர் சார். அப்படித்தான் வரும்"னாரு. முதல்ல யாரோ களுக்குன்னு சிரிச்சாக. அப்புறம் ரோடே சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரல. முடிஞ்சுது, எல்லாம் முடிஞ்சுது, இனி என் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்னு கையில இருந்த ஸ்பூனையே பாத்துக்கிட்டு நின்னேன்.

அந்தம்மா மூச்சு வாங்கி முடிச்சாக. தன் கையை இன்னும் பிடிச்சிருந்த அவரு கையப் பாத்தாக. இலை சந்துல விழுந்த வெயில்ல நகமெல்லாம் பளபளன்னு மினுங்குச்சு. "ஏனுங்ணா, நீங்க ஆபீஸ்லயா இருக்கறீங்க?"ன்னு கேட்டாக.

அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். "இல்லம்மா. மருந்து ரூமு. இருபத்தாறு வருசம்"னாரு.

"உங்க சம்சாரத்தை விட்டுப்போட்டு என்னைய ஏனுங்க தூக்குனீங்க?"

"நீங்கதானம்மா புகைக்குப் பக்கத்துல இருந்தீக. பக்கத்துல இருக்கவுகளத்தான் முதல்ல எடுக்கணும். நம்ம ஆளு எங்கன்னு தேடிக்கிட்டு நின்னா ரெண்டு பேரும் போயிருவாக. ஒருவாட்டி அப்படித் தேடி நின்னு, பக்கத்துல இருந்தவனை விட்டுட்டேன்." அதுக்கு மேல அவரு சொல்லல. இந்தச் சங்கதி எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். கூடவே குடும்பம் நடத்துறேன், ஒரு வார்த்தை சொன்னது கிடையாது பாவி மனுசன்.

அந்தம்மா கண்ணாடிக் கதவு வழியாக் கடைக்குள்ள பாத்தாக. நாங்களும் பாத்தோம். காலியாக் கிடந்த கடையில பேங்க் ஆபீசர் ஒத்தை ஆளா உட்கார்ந்து, ஊதி ஊதிச் சிஸ்லர் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு.

"ஆபீஸ்ல இருந்தவரு அதா இருக்கறாரு, பாருங்க"ன்னாக அந்தம்மா.

எங்க மகளும் அந்தப் பையனும் பிடிச்ச கைய இன்னும் விடல. அந்தம்மா அதையும் ஒரு பார்வை பாத்தாக. அப்புறம் எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, முகத்துல சிரிப்பே இல்லாமக் கேட்டாக.

"ஏனுங்ணா, கல்யாணத்தன்னைக்கு அய்யரு ஓமம் வளத்துவாரே. அப்பவும் என்னையத் தூக்கிட்டு ஓடிப்போடுவீங்களா?"

அவரு பாட்டுக்கு, அது நெய்ப் புகை, நிறம் வேற, வாசம் வேறன்னு ரொம்பக் கவனமா விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தாரு. எனக்கு அது ஒண்ணும் காதுல ஏறல. கல்யாணத்தன்னைக்குன்னு அந்தம்மா சொன்னது மட்டுந்தான் கேட்டுச்சு. ஸ்பூனைக் கையில பிடிச்சுக்கிட்டு, ஊரு பாக்க, நடுரோட்டுல நின்னு ஓன்னு அழுதுட்டேன்.