ஏழு, ஏழு, மூன்று

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் பாடம் வந்தபோது, கணக்கு தெரிந்தவருக்கு இதுவும் வரும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பத்து நாள் பயிற்சி. அங்கே கொடுத்த நோட்ஸை அப்படியே கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். பள்ளியில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதைத் தொடவே எனக்குப் பயம்.

இரண்டாம் வருடம் அரையாண்டுத் தேர்வில், மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்க புரோகிராம் கேட்டிருந்தேன். ஒரு மாணவி மட்டும் நோட்ஸில் இல்லாத எதையோ எழுதியிருந்தாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சுழி போட்டேன். அந்த ஐந்து மார்க்கால் அவள் ஃபெயில்.

அடுத்த வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

“ஏனுங்க டீச்சர், புள்ளைக்கு இந்தப் படிப்பு ஏறலீன்னா சொல்லீருங்க. எங்க கம்பெனிலயே செக்கிங்குக்கு ஆள் கேக்கறாங்க. நாளைக்கே சேத்தி உட்டர்றனுங்க.”

அவள் அழவில்லை. “ஒருக்கா மெஷின்ல போட்டுப் பாத்தரலாங்க மிஸ். தப்புன்னா நானே நின்னுக்கறனுங்க” என்றாள்.

மறுக்க வழியில்லை. மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவளே டைப் அடித்தாள். ஐந்து, ஒன்பது, ஏழு என்று கொடுத்தோம். ஒன்பது வந்தது. ஏதோ தற்செயல் என்று எண்களை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் சரி. முதல் எண்ணையே பெரியது என்று வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரியது வந்தால் மாற்றிக்கொள்ளும்படி எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். இப்படியும் எழுதலாமா? எனக்குக் குழப்பமாக இருந்தது.

“ரெண்டு நம்பர் ஒன்னா இருந்தா நோட்ஸ்ல இருக்கறது என்னங்க மிஸ் காட்டும்?” என்று கேட்டாள். கேலியாக இல்லை, நிஜமாகவே.

நோட்ஸ் புரோகிராமை அடித்து ஏழு, ஏழு, மூன்று கொடுத்தோம். பெரிய எண் மூன்று என்றது திரை! முதலிரண்டும் சமமானால் இரண்டையும் தள்ளிவிட்டு மூன்றாவதைக் காட்டும்படி அது எழுதப்பட்டிருந்தது. அவளுடையதில் போட்டால் ஏழு.

“அப்பத் தப்பு யாருதுங்க?” என்றார் அப்பா.

“என்னுதுதானுங்க” என்றேன். மார்க்கைத் திருத்திக் கொடுத்தேன். “அப்பப் படிக்கட்டுங்க” என்று எழுந்துகொண்டார்.

மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொல்லி, இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். உடனே ஒருத்தி எழுந்து, “அப்பப் பப்ளிக் பரீட்சைல எதைங்க மிஸ் எழுதறது?” என்றாள். திருத்துகிறவரும் என்னைப்போலவே இருந்துவிட்டால்? “ரெண்டையும் படிச்சு வெச்சுக்கங்க” என்று சமாளித்தேன்.

அந்தப் பெண் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போனாள். நான் ஓய்வு பெற்றும் வெகுநாளாகிவிட்டது. அந்தப் பாடத்தை எப்படி நடத்தியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் புரியாததைத் தப்பு என்று சொல்லி ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்தப் பார்த்தேனே என்ற நடுக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.