பங்காளிக்கும் ஒரு டப்பா

பினாயில் அக்காவின் விடுதியைப் போலச் சுத்தமான இடம் அந்தத் தெருவில் இல்லை. அங்கே சிந்திய அளவுக்கு ரத்தமும் வேறெங்கும் சிந்தியதில்லை. இரண்டுக்கும் காரணம் அவள்தான். செருப்புக் காலோடு கட்டிலில் ஏறிய லாரி ஓட்டுநரைத் துடைப்பக்கட்டை முறியும்வரை அடித்தவள். சுவரில் துப்பிய பெரிய மனிதர் ஒருவரின் பிடரியைப் பிடித்து, அவர் மூக்காலேயே அந்த எச்சிலைத் துடைக்க வைத்தவள். அடி வாங்கிப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள். மூட்டைப்பூச்சி கடிக்காமல் தூங்க அவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை.

கணவன் செத்ததும் விடுதி அவள் தலையில் விழுந்தது. கூடவே கொழுந்தனும் விழுந்தான். அண்ணன் கட்டிய கட்டடத்தில் பாதி தன்னுடையது என்பது அவன் கட்சி. கோர்ட்டுக்கு நடக்கிற பொறுமை அவனுக்கு இல்லை. சுகாதார உரிமம் கிடைக்காவிட்டால் விடுதிக்குச் சீல் வைப்பார்கள், சீல் வைத்தால் அண்ணி மூட்டை கட்டுவாள் என்று திட்டம் போட்டான். முதல் முறை சுகாதார ஆய்வாளர் வந்தபோது தண்ணீர்த் தொட்டியில் செத்த எலி மிதந்தது. அடுத்த முறை கழிப்பறைக் குழாய் உடைந்து மாடிப்படியில் வழிந்தது. இன்றும் தவறினால் மாலைக்குள் பூட்டு. அக்கா தொட்டி மூடியின் மேலேயே ஏறி உட்கார்ந்து காவல் காத்தாள்.

மறைந்து செய்ய வழியில்லாமல் போகவே கொழுந்தன் பகிரங்கமாக வந்தான், கையில் இரும்புக் குழாயோடு. ஆய்வாளர் கீழே சாக்கடை மூடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாடியில் வாஷ்பேசின் சிதறியது. அக்கா இறங்கி ஓடினாள்.

"குழாயக் கீழ போடு தம்பி."

"நீ வெளிய போ அண்ணி, போட்டுடறேன்."

அவள் வாளியிலிருந்த பினாயில் தண்ணீரை அவன் கண்ணில் வீசினாள். கண் தெரியாமல் அவன் சுழற்றிய குழாய் அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் புருவத்தைத் தாண்டி வாய்க்குள் இறங்கியது. அந்த வாயாலேயே அவன் முன்கையைக் கவ்வினாள். பல் எலும்பில் தட்டிய பிறகுதான் விட்டாள். அவன் அலறிக்கொண்டே அவள் தலையைச் சுவரில் மோதினான். மறுபடி மோதினான். அடுத்ததற்கு இழுத்தபோது அவள் முழங்கால் அவன் அடிவயிற்றில் இறங்கியது. கழுவிவிட்ட படியின் ஈரத்தில் கால் வழுக்கி, கீழ்ப்படிவரை உருண்டு, ஆய்வாளரின் காலடியில் வந்து கிடந்தான். முன்பல் ஒன்று அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

அக்கா குழாயை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, அவன் மண்டைக்கு நேராக ஓங்கினாள்.

"அம்மா, அதால அடிச்சீங்கன்னா போலீஸ் வந்து சீல் வைக்கும்," என்றார் ஆய்வாளர். "எனக்கு வேலை மிச்சம்."

அவள் குழாயைத் தாழ்த்தினாள்.

கொழுந்தன் எழுந்து உட்கார்ந்தான். வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. கூட்டத்தைக் கண்டதும் அவனுக்கு வீரம் திரும்பியது.

"பாதி என்னுது சார். நானும் இத நடத்துறவன். என்னக் கேக்காம எவனால லைசென்ஸ் குடுக்க முடியும்?"

ஆய்வாளர் முதல்முறையாக அவனை அக்கறையோடு பார்த்தார். "நடத்துறவரா? முன்னாடியே சொல்றதில்ல? அப்ப உங்களுக்கும் மருத்துவச் சான்று வேணும். எக்ஸ்ரே, ரத்தம், மலம்."

"என்னது?"

"மலம். டைபாய்டு, குடல்புழு எல்லாம் பாக்கணும்ல." பையிலிருந்து வெள்ளை மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். "பேரெழுதி ஒட்டி, சுகாதார நிலையத்துல வரிசையில நின்னு குடுக்கணும்."

"நான் ஆம்பள சார்."

"குடல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

கூட்டத்தில் எவனோ சிரித்தான். அக்கா ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "நீ ஒவ்வொரு தடவ கெடுத்தப்பவும் நான் மறுபடி போய் இந்த டப்பாவக் குடுத்தேன் தம்பி. வரிசையில நம்ம தெருக்காரங்கதான் முன்னாடியும் பின்னாடியும். வா, இடம் காட்டறேன்."

பழைய சண்டைகளில் வாங்கிய தலைக்காயத்தையும் வெட்டுத் தழும்பையும் தெருவெல்லாம் காட்டித் திரிந்தவன் அந்த டப்பாவைத் தொடவில்லை.

"நான் நடத்துறவன் இல்ல."

"பின்ன?"

"சும்மா... அண்ணியப் பாக்க வந்தேன்."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

இத்தனை பேர் காதில் விழுந்த பிறகு அந்தப் பாதியை அவன் எந்த முகத்தோடு திரும்பக் கேட்பான்? கையைப் பொத்திக்கொண்டு கூட்டத்தை இடித்து வெளியேறினான்.

ஆய்வாளர் அக்காவின் நெற்றியைக் காட்டினார். "திறந்த காயத்தோட படுக்கையத் தொடக்கூடாது. விதி அப்படி."

அக்கா கொடியிலிருந்த துவைத்த துண்டை உருவி இறுக்கிக் கட்டினாள். "மூடியாச்சு சார்."

"கசியுதே."

இன்னும் இறுக்கினாள். கண் பிதுங்கியது. "இப்ப?"

அவர் துண்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, வேறு வாஷ்பேசின் வைக்கச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

உரிமத்தை வாங்கிய கையோடு அக்கா சரிந்தாள். தங்கியிருந்த இரண்டு பேர் ஓடிவந்து தூக்கி, பக்கத்து அறைக் கட்டிலில் கிடத்தப் போனார்கள். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"கட்டில்ல போட்டீங்க, கொன்னுடுவேன். இப்பதான் விரிப்பு மாத்தினேன்."

தரையில் படுக்க வைத்தார்கள்.