பால்கனியின் அடிப்பக்கம்

ஒரு கட்டடத்தைப் பற்றிய உண்மையை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அதே கட்டடத்தைப் பற்றித் தமிழில் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி ஒரு பெண் அதன் பால்கனிக்கு அடியில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் முப்பது வருடம் கட்டடப் பொறியியல் நடத்தியவன் நான். கட்டடத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஆங்கிலத்தில் இருக்கும் சொற்கள் மீது எனக்குத் தீராத ஆசை. சுவரின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் அலங்காரப் பட்டி கார்னிஸ். பாரம் தாங்கச் சுவரிலிருந்து துருத்தி நிற்கும் கல் கார்பல். பால்கனியோ வளைவோ, எதுவானாலும் அண்ணாந்தால் தெரியும் அடிப்பக்கத்துக்கு சோஃபிட் என்று பெயர். மாணவர்கள் 'கீழ்ப்பக்கம்' என்று எழுதினால் மதிப்பெண் குறைப்பேன். சரியான சொல் தெரிந்தவனுக்குத்தான் கட்டடம் கண்ணில் படும் என்று நம்பினேன்.

ஓய்வு பெற்ற பிறகு, மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த என் சம்பந்தியின் பழைய கட்டடத்துக்கு நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. உறுதியாக இருக்கிறதா என்று ஒரு பொறியாளர் பார்த்து எழுதித் தர வேண்டும். சம்பந்தி பாக்கு வியாபாரி. என் மகளை அந்த வீட்டில் கொடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அவர் கூப்பிட்டதால் போய்ப் பார்த்தேன். சோஃபிட்டில் காரை உதிர்ந்து, கம்பி துருவேறி வெளியே தெரிந்தது. பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல். மேலே அண்ணாந்தபடி குறித்துக்கொண்டிருந்தபோது, கீழே கடை போட்டிருந்த தையல்காரப் பெண் கேட்டார்.

"ஏனுங்க சார், மேல இருந்து பொரிஞ்சு பொரிஞ்சு வுழுகுது. ஒண்ணும் ஆயிராதுங்களே?"

சம்பந்தி என் பக்கத்தில் நின்றார். அவர் முகத்துக்கு நேராக, ரோட்டில் வைத்து, 'உங்கள் கட்டடம் விழப்போகிறது' என்று எப்படிச் சொல்வது?

"மேல்பூச்சுதானுங்க. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"கேட்டுக்கிட்டியா அம்மணி? சாரே சொல்லிப்போட்டாரு. இனி என்னையப் புடிச்சு நோண்டாத" என்று சம்பந்தி சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதினேன். சோஃபிட்டில் ஸ்பாலிங் என்னும் காரை உதிர்வு, தூணில்லாமல் நீண்டு நிற்கும் கேண்டிலீவர் சுவரைப் பிடித்திருக்கும் இடத்தில் விரிசல், உடனே முட்டுக் கொடுத்துக் கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு சொல்கூட மிகையில்லை, ஒன்றும் விடுபடவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் யார் மனமும் நோகாது. சம்பந்தி படிக்காமலே கையெழுத்துப் போட்டு நகராட்சியில் கொண்டுபோய்க் கொடுத்தார். "சின்ன வேலை ஒண்ணு இருக்குதுங்க சம்பந்தி" என்று மட்டும் சொன்னேன். "ஆவட்டுங்க, மழை நிக்கட்டும்" என்றார். நகராட்சியில் யாராவது படிப்பார்கள் என்று நான் இருந்துவிட்டேன்.

அந்த மழை மூன்று வாரம் நிற்கவில்லை. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ் ஏறிப் போய் எதிர்ப்பக்கத்து பேக்கரியில் டீ வாங்கிக்கொண்டு அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். நீலகிரி பஸ் திரும்பும்போதெல்லாம் தரை அதிரும். என் கையில் டீ தளும்பும். நான்காம் முறை போனபோது விரிசல் அகன்றிருப்பது ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. ரோட்டைத் தாண்டி அவரிடம் போனேன்.

"வாங்க சார். ஊட்டுக்காரம்மாவுக்கு ஜாக்கெட்டுங்களா?"

"இல்லீங்க. மெஷினை உள்ள தள்ளிப் போட்டுக்கக் கூடாதுங்களா?"

"உள்ள வெளிச்சமே இல்லீங்க. ஊசி கோக்கறதுக்குள்ள பொழுது போயிரும்." ஓட்டிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, ஏதாவது இருக்குதுங்களா?"

அவர் அப்படி நேராகவே கேட்டார்.

"சாரல் அடிக்குதேன்னு சொன்னேன்" என்றேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் பால்கனி விழுந்தது. தைத்த துணியை மடிக்க அவர் எழுந்து ஓரடி நகர்ந்திருந்ததால் உயிர் தப்பியது. இடது தோளும் முழங்கையும் நசுங்கின.

விசாரணையில் சம்பந்தி, "சார் நல்லா இருக்குன்னுதானுங்க சொன்னாரு" என்றார். அதிகாரி என் அறிக்கையை எடுத்து மேஜையில் வைத்தார். "சார் தெளிவா எழுதியிருக்காருங்க. படிக்காதது உங்க தப்பு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தி சொன்னதும் உண்மைதான் என்று நான் சொல்லவில்லை. நான் தேடித் தேடிச் சேர்த்த சொற்கள் என்னைக் காப்பாற்றிவிட்டன.

நான்கு மாதம் கழித்து அதே அதிகாரியிடம் தமிழில் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். ஆபத்து எனக்குத் தெரியும். கேட்டவரிடம் இரண்டு முறை மறைத்தேன். அதன் பிறகு சம்பந்தி வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. மகள் மட்டும் எப்போதாவது வந்துபோகிறாள், முகம் கொடுக்காமல்.

வாக்குமூலத்தின் நகலை எடுத்துக்கொண்டு தையல்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவரே கேட்டதால் நானே படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "அன்னைக்கு ஒரு வார்த்தைங்க சார்" என்றார். அவ்வளவுதான். இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. துணி வெட்ட மட்டும்தான் முடிகிறது, தைப்பதற்கு ஆள் வைத்திருக்கிறார் என்று அவருடைய மகள் சொன்னாள்.

போன மாதம் அவரே ஆள் அனுப்பினார். காரமடையில் ஒரு அறையைக் கடைக்குப் பார்த்திருந்தார். வந்து பார்க்கச் சொன்னார். போய் ஏணி போட்டு ஏறி, தட்டி, சுரண்டிப் பார்த்தேன். "நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"நீங்க தமிழ்ல சொன்னா நான் எப்படிங்க நம்பறது? இங்கிலீசுல எழுதிக் குடுங்க சார். எங்க புள்ள படிச்சுச் சொல்லுவா."

எழுதினேன். கல்லூரியில் படிக்கும் மகள் தெரியாத சொல்லுக்கெல்லாம் போனில் அர்த்தம் பார்த்து, ஒவ்வொரு வரியாக அம்மாவுக்குச் சொன்னாள். லிண்டல் என்ற இடம் வந்ததும் ஜன்னலுக்கு மேலே கையை வைத்து, "இதுங்களா?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். முடிய அரை மணி நேரம் ஆயிற்று. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அந்தப் பெண் தாளை வாங்கி மடித்தார்.

"எதுக்கும் ஒரு கொத்தனாரையும் கூட்டியாந்து காட்டிக்கறனுங்க. தப்பா நெனைக்காதீங்க."

"காட்டிக்குங்க" என்றேன்.