வலையில் பட்ட பந்து

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாலிபால் கற்றுக்கொண்டது சத்தீஸ்கர் பக்கம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் நிற்கும் பொட்டல்களில். போர் போட வேலை இல்லாத நாட்களில், என்னைவிட இருபது வயது மூத்தவர்கள் இரண்டு இரும்புக் குழாய்களை நட்டு வலை கட்டுவார்கள். அவர்கள் ஆடியதுதான் எனக்கு ஆட்டம், அவர்கள் சொன்னதுதான் சட்டம். அதில் ஒன்று: சர்வீஸ் போட்ட பந்து வலையைத் தொட்டால் தப்பு. தாண்டி வந்தாலும் நாம் எடுக்க வேண்டியதில்லை. விட்டுவிட்டால் போதும்.

கொல்லிமலைக்கு வந்ததும் ரிக் வண்டியோடுதான். மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான வாழவந்தி நாட்டில் ஒரு தோட்டத்தில் போர் போடும்போது இடது சுண்டுவிரலில் பாதி போயிற்று. வண்டி என்னை விட்டுவிட்டு மலையிறங்கியது. காயம் ஆறும்வரை குச்சிக்கிழங்கு பிடுங்கவும் மிளகு பறிக்கவும் போனேன். ஆறிய பிறகும் நான் கிளம்பாமல் இருந்ததற்கு வாலிபால்தான் காரணம்.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் பீரோவில் கிடந்த இரண்டு பந்துகளைக் கொடுத்தார். சாமை அறுத்த காடு ஒன்றை அதன் சொந்தக்காரர் விட்டுக் கொடுத்தார். சில்வர் ஓக் கம்பு இரண்டு நட்டு வலை கட்டினோம். வாழவந்தி நாட்டிலிருந்தும் எடப்புளி நாட்டிலிருந்தும் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாளே என் கையைப் பார்த்துவிட்டு ஒருத்தி, “பத்து வெரலு மாஸ்டருன்னு நெனச்சோமுங்க, ஒம்பதரைதானுங்களா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்தக் காடு கிழக்கே சரிவு. பந்தைத் தவறவிட்டால் அது உருண்டு பள்ளத்துக்குள் போய்விடும். விட்டவள்தான் இறங்கி எடுத்து வர வேண்டும். அதனால் அந்தப் பிள்ளைகள் பந்தைத் தரையில் விழ விடமாட்டார்கள். விழுந்து புரண்டாவது எடுப்பார்கள். முழங்கையெல்லாம் செம்மண்.

பெற்றோரைக் கூட்டி வைத்துப் பெரிதாகப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே இடத்தில் ஆடுவது, மற்ற நாட்களில் அந்தந்த ஊரில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, பந்து ஊர் ஊராகச் சுற்றுவது. “நாளைக்கு நான் இல்லாட்டியும் இது ஓடணுமுங்க” என்றேன்.

“ஏனுங்க, நீங்க எங்க போறீங்க?” என்று ஓர் அம்மா கேட்டார்.

“எங்கயும் இல்லீங்க” என்றேன்.

என் கையைப் பார்த்துச் சிரித்தவள் எடப்புளி நாட்டுக்காரி. பின்வரிசையில் அவளைப் போல் பந்து எடுக்கும் ஆளை நான் ரிக் பொட்டல்களிலும் பார்த்ததில்லை. அப்போது பத்தாவது. பத்தாவது முடிந்தால் கீழே நூல் மில்லுக்கு அனுப்புவதாக அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் மட்டும் படிக்கட்டும் என்றார். அதற்கான தேர்வு கீழே ஒரு ஊர் மைதானத்தில் நடக்க இருந்தது. ஒரு வருடம் அதற்காகவே பழகினோம். மிளகு சீசனில் கறுத்த விரல்களோடு வந்து ஆடினாள்.

தேர்வு நாளன்று முதல் பஸ்ஸில் மலையிறங்கினோம். வளைவுக்கு வளைவு பாதிப் பேர் வாந்தி. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. தேர்வாளர்கள் அவளைத்தான் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் அவளைக் கைகாட்டிப் பேசியதை நானே பார்த்தேன்.

ஆட்டம் சமமாக நின்ற நேரம். எதிரணியின் சர்வீஸ் வலையின் மேல் விளிம்பில் பட்டு, மெதுவாக எங்கள் பக்கம் விழுந்தது. இரண்டு எட்டு வைத்தால் எடுத்திருக்கலாம். அவள் அசையவில்லை. தப்பு என்று கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றாள். நடுவராக இருந்த அம்மா பாயிண்டை எதிரணிக்குக் கொடுத்தார்.

எனக்குக் கோபம். கவனிக்காமல் ஊதுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதேபோல் இன்னொரு பந்து வந்தது. இந்த முறை அவள் பாய ஒரு கால் எடுத்து வைத்துவிட்டாள். நான் வெளியிலிருந்து கத்தினேன்: “விடு கண்ணு, விடு!”

விட்டாள். பந்து அவள் காலடியில் விழுந்தது. தேர்வாளர்கள் காகிதத்தில் ஏதோ எழுதினார்கள். கடைசியில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இல்லை.

டீக்கடையில் வேறொரு ஊர் கோச்சிடம் முறையிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்தக் காலத்துலங்க இருக்கீங்க? வலையில பட்டாலும் ஆடணுமுன்னு மாத்தி எத்தனையோ வருசமாச்சு.” டீயைக் குடித்து முடித்தேனா என்று நினைவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகளிடம், “கீழ அவங்க ஆளுகளத்தான் எடுப்பாங்க, விடுங்க” என்று சொல்லிவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. பஸ் ஸ்டாப்பில் அவள் அப்பா காத்திருந்தார்.

“என்னாச்சுங்க மாஸ்டர்?”

“நல்லாத்தானுங்க ஆடுச்சு. முக்கியமான நேரத்துல பந்தப் பாத்துட்டே நின்னுடுச்சு” என்றேன்.

அவள் பையோடு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு ரோட்டைப் பார்த்தாள். “சரி, அப்ப மில்லுக்கே போவட்டுமுங்க” என்றார் அப்பா.

மறுமாதம் ராஜஸ்தானுக்குப் போகும் ஒரு ரிக் வண்டிக்கு ஆள் தேவை என்று போன் வந்தது. யாரிடமும் சொல்லாமல் பேளுக்குறிச்சி சந்தைக்குப் போன ஜீப்பில் ஏறி மலையிறங்கிவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து, இந்த வருடம் மிளகு பறிக்கும் சமயத்தில் மலைக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால், அந்தப் பந்தைப் பற்றிச் சொல்லத்தான். ஆடிய இடத்தை உழுது கிழங்கு நட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். தூரத்திலேயே பந்துச் சத்தம் கேட்டது. இருபது பிள்ளைகளுக்கு மேல். நடுவில் அவள், கழுத்தில் விசிலோடு. மில்லில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்திருந்தாள். நான்கு ஊர்களில் பெரிய பிள்ளைகள் சொல்லிக் கொடுக்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இங்கே. நான் அன்று கூட்டத்தில் பேசியதெல்லாம் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

ஒரு சர்வீஸ் வலையில் பட்டுத் தள்ளாடி விழுந்தது. ஒரு சின்னப் பெண் பாய்ந்து ஒற்றைக் கையால் எடுத்தாள்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். “அன்னைக்கு அந்த ரெண்டு பந்து. தப்பு உன் மேல இல்ல. எனக்குச் சட்டம் தெரியல. டீக்கடையிலயே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் உங்கப்பாகிட்ட அப்படிச் சொல்லிட்டேன்.”

“எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க.”

“எப்படி?”

“வெசிலு ஊதுன அம்மாகிட்டயே போயிக் கேட்டுட்டேனுங்க.”

“அப்பறம் ஏன் பஸ் ஸ்டாப்புல வாயத் தொறக்கல?”

அவள் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சொல்லியிருந்தா அடுத்த ஞாயித்துக்கெழம வந்திருப்பீங்களா? எனக்குத்தான் முடிஞ்சுபோச்சு. மத்த புள்ளைகளுக்கு மாஸ்டரு வேணுமில்லீங்களா.”

அவள் வாய் திறக்காமல் இருந்ததற்கு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, நான் சொல்லாமல் மலையிறங்கும் முன் வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தான். அதற்காகத்தான் அவள் தன் அப்பா முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறாள்.

“எத்தன நாளைக்குங்க இருப்பீங்க?” என்று கேட்டாள்.

“ரெண்டு நாள்” என்றேன்.

“அப்ப ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டாமுங்க. கீழ நின்னு பந்து பொறுக்கிப் போடுங்க, போதும்.”

சரிவில் இறங்கி, பள்ளத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். வெயில் இறங்கும்வரை மூன்று பந்துகள்தான் வந்தன.