கொம்பு முன்னாடி, சத்தம் பின்னாடி

பேத்திக்கு எழுத்து ஏறலைன்னு பள்ளிக்கூடத்துல சொன்ன நாள்லேர்ந்து, அவளைக் கூட்டிக்கிட்டு அலையறதுதான் என் உத்தியோகம். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. உங்க வீட்லயும் இப்படி ஒரு புள்ளை இருந்தா பக்கத்துல வந்து உக்காருங்க, நாமல்லாம் ஒரே டிபார்ட்மெண்ட்.

முந்திக்கிற கொம்பு

பேத்தி பேரு ஜெனி, மன்னார்குடியில நாலாவது படிக்கிறா. அப்பா சிங்கப்பூர்ல. அம்மா, அதான் என் மக லில்லி, திருவாரூர்ல நர்ஸு. அதனால மீட்டிங்னா நான்தான். ஜெனி வாயைத் தொறந்தா கதையா கொட்டும். அது எங்க மாமியார் வழி. அந்தம்மா சாவு வீட்ல உக்காந்தே கல்யாணம் பேசி முடிச்சவங்க. மாப்பிள்ளை யாருன்னா... சரி, அது இருக்கட்டும். 'கொடி'ன்னு எழுதச் சொன்னா ஜெனிக்குக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், 'க' எங்கயோ. எச்.எம். அம்மா என்னைக் கூப்பிட்டு, வருஷப் பரீட்சையும் இப்படியே எழுதினா மூணாவது பசங்களோடதான் உக்கார வைக்கணும்னுட்டாங்க. அன்னைக்கு ஜெனி சோறும் திங்கலை, கதையும் சொல்லலை.

மறுநாள் மெதுவா சிலேட்டுல 'கெ' போட்டுக் காட்டினேன். கொம்பு மேல விரலை வச்சா. "அம்மாச்சி, சொல்றப்ப 'க'தானே முன்னாடி வருது? எழுதறப்ப மட்டும் எதுக்கு இந்தக் கொம்பு முந்திக்கிட்டு நிக்குது?"

வல்லாரை

விஷயம் தெருவுக்குத் தெரிஞ்சுது. எதிர்வீட்டு மல்லிகா வாய்க்கா ஓரத்துலேர்ந்து ஒரு மடி வல்லாரை பறிச்சுக்கிட்டு வந்தா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளில வந்தா, மாதா கோயில் வாசல்ல ஒருத்தங்க வல்லாரைத் தொவையலோட நிக்கிறாங்க. பட்டுக்கோட்டையிலேர்ந்து என் தம்பி தேங்கா மூட்டைக்குள்ள வல்லாரைப் பொடியைச் சொருகி அனுப்பிருந்தான். அந்தத் தேங்காயில பாதி அழுகலா இருந்துச்சு, அவன்கிட்ட சொல்லிடாதீங்க. காலைல தோசைக்கு, மத்தியானம் சோத்துக்கு, ராத்திரி ரசத்துல. புள்ளை தட்டைப் பாத்துட்டுச் சொன்னா: "இதத் தின்னதுலேர்ந்து எனக்கு ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு அம்மாச்சி, நேத்தும் இதேதான்."

அசெஸ்மெண்ட்

பள்ளிக்கூடத்துக்கு வாரம் ஒருநாள் கவிதான்னு ஒரு ஸ்பெஷல் டீச்சர் வரும். சின்னப் பொண்ணு. "அறிவுல ஒரு கொறையும் இல்லம்மா, எழுத்துதான் கொழப்புது. ஆஸ்பத்திரியில அசெஸ்மெண்ட் எடுத்துடுங்க"ன்னுச்சு. அசெஸ்மெண்ட்னா நமக்குத் தெரிஞ்சது வீட்டு வரிதானே? வீடு இன்னும் மாமனார் பேர்லதான் இருக்கு. பேரை மாத்த நான் நடந்த நடை தாலுகா ஆபீஸ் படிக்கட்டுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில இதெல்லாம் எதுக்கோன்னு நெனச்சேன், ஆனாலும் ரசீதைப் பையில வச்சுக்கிட்டேன்.

"அசெஸ்மெண்ட் ஏற்கெனவே ஆயிருக்காம்மா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. "பாக்கியில்லாம கட்டிருக்கேன்"னு ரசீதை நீட்டினேன். சிரிச்சதுல அவங்க கண்ணாடியே கழண்டுடுச்சு. தொடச்சுப் போட்டுக்கிட்டு, ஜெனியைப் பக்கத்துல இழுத்து உக்கார வச்சாங்க. "வீட்டுக்கு அசெஸ்மெண்ட் ஆயிடுச்சு பாட்டி, இப்ப பேத்திக்குப் பண்ணுவோம்."

வாய்ப் பரீட்சை

டிஸ்லெக்சியான்னு சொன்னாங்க. சோம்பேறித்தனமும் இல்ல, மக்கும் இல்ல. கேள்வியை வாசிச்சுக் காட்டணும், பதிலை வாயால சொல்ல விடணும்னு எழுதிக் குடுத்தாங்க. எச்.எம். அம்மாவுக்கு மனசு வரலை. "மத்த பேரண்ட்ஸ் கேப்பாங்களே, நான் என்ன சொல்றது?"

கவிதா டீச்சர் விடலை. "ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க மேடம்." நம்மூருக்குத் தண்ணி எப்படி வருதுன்னு எச்.எம். கேட்டாங்க. மேட்டூர்ல தொறந்தா ஜெனி. கல்லணை, வெண்ணாறு, மூணு ஆறாப் பிரியற மூணாறு தலைப்பு, அங்கேர்ந்து பாமணியாறு. அதோட நின்னாளா? எங்க வாய்க்காவுக்குக் கடைசிலதான் வரும், மொறை வச்சாத்தான் வரும், மேல்மடைக்காரங்க ராத்திரில அடைச்சுக்குவாங்கன்னு சொல்லிக்கிட்டே போனா. தண்ணி இன்னும் கடல்ல போய்ச் சேரலை, அதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு. எச்.எம். அம்மா ரெண்டு கையையும் தூக்கிட்டாங்க. "சரிம்மா, சரி! வாயாலயே பரீட்சை வச்சிடறேன், ஆனா இவளை நிறுத்த ஒரு ஆள் போட்டுக் குடுங்க."

இப்ப ஜெனி அஞ்சாவது, எழுத்து நெல்லு பழுக்கிற மாதிரி மெதுவாத்தான் வருது, ஆனா டீச்சர் கேள்வியை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள இவ பதிலைச் சொல்லி முடிச்சிடறான்னு புதுசா ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கு, அதுக்கும் நாளைக்கு நான்தான் போகணும்.