மேலே ஓர் ஆள்

பாட்டு நின்றுவிட்டது. பிலோமினாள் குடையைக் கீழே போட்டுவிட்டுத் தரைத்தொட்டியின் வாய்க்குள் தலையை நீட்டினாள்.

"ரூத்தப்பா!"

"தும்முனேன்டீ," என்றது தொட்டி. "தும்மக்கூட விடமாட்டியா?"

"தும்முறதுன்னா சொல்லிட்டுத் தும்முங்க."

உள்ளே சிரிப்பு உருண்டது. பிறகு பாட்டு மறுபடி கிளம்பியது, விட்ட இடத்திலிருந்து அல்ல. அவள் கணவர் லூர்துராஜுக்கு விட்ட இடம் ஒருநாளும் நினைவிருந்ததில்லை. வார்த்தை மறந்த இடத்தில் 'லாலா' போட்டு மாதாவின் பாட்டை முடிப்பார். தேர்ப்பவனிப் பாட்டில் தொடங்கி ஞானஸ்நானப் பாட்டில் போய்ச் சேர்வார். பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் மூன்று மாதம் இருந்தார். குழுத் தலைவி ஒருநாள் அவரைத் தனியே அழைத்து, "அண்ணே, நீங்க மணி அடிங்க, அதுவும் ஊழியந்தான்," என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மணி அடிக்கிறார். பாட்டெல்லாம் தொட்டிக்குள்தான்.

லூர்துராஜ் வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவுகிறவர். பிலோமினாள் மேலே உட்காருகிறவள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவள் வேலை. மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்த பிறகு, கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை வாளிக்குள் நிறுத்தி, கயிற்றில் கட்டி இறக்குவாள். சுடர் அணைந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். அணையாவிட்டால் அவர் ஏணியில் இறங்குவார். இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை அவள் கையில். பாட்டு கேட்கிறவரை அவர் மூச்சு விடுகிறார் என்று அர்த்தம்.

வீட்டுக்காரர்களுக்கு அவள் செய்வது வேலையாகத் தெரிவதில்லை. "சும்மா உக்காந்திருக்கதுக்கும் சேத்தா கூலி கேக்குறீங்க?" என்று ஒரு வீட்டம்மா கேட்டிருக்கிறாள்.

"நீங்க ஒருநாள் சும்மா உக்காந்து பாருங்க, தெரியும்," என்றாள் பிலோமினாள்.

சும்மா உட்கார்வது எளிதில்லை. ஆரம்பத்தில் மல்லிகை தொடுத்துப் பார்த்தாள். விரல் பூவுக்குப் போனால் காதும் பின்னாலேயே போய்விடுகிறது. விட்டுவிட்டாள். செபமாலையும் உருட்ட மாட்டாள். மடித்த சாக்கின்மேல் உட்கார்ந்து வலது காதைத் தொட்டியின் பக்கம் சாய்த்துக்கொள்வாள். இடது காதில் சின்ன வயதிலேயே சீழ் வைத்து, அது பாதிதான் கேட்கும். பாட்டு நீட்டி வந்தால் சுவரைத் தேய்க்கிறார். துண்டு துண்டாக வந்தால் தரை. மேல்ஸ்தாயிக்குப் போனால் வாளி நிறைந்துவிட்டது, இழுக்க வேண்டும். எட்டு வருடம் முன்பு ஒரு வீட்டில் 'லாலா' பாதியில் அறுந்தது. அவள் மூன்று வரை எண்ணினாள். நான்காவதில் கயிற்றை இழுத்தாள். தெருவில் போன இரண்டு பேரைக் கூவி அழைத்து மேலே கொண்டுவந்தபோது அவருக்கு நினைவில்லை. ஏணி கீறிய தழும்பு இன்னும் நெற்றியில் இருக்கிறது. அடுத்த வாரமே இறங்கினார். அடுத்த வாரமே அவளும் உட்கார்ந்தாள்.

ஆனையூரில் இரண்டு சென்ட் நிலத்தில் சொந்த வீடு. ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு மொபெட், ஞாயிற்றுக்கிழமை கறி. மகள் ரூத் மிஷன் பள்ளியில் டீச்சர். இதற்குமேல் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் லூர்துராஜுக்குக் கோபம் வரும். பணக்காரர்களைப் பற்றி அவர் எதிரில் யாரும் பரிதாபப்பட்டுவிட முடியாது.

"காசு இருக்கவனுக்கு ஏதுண்ணே தூக்கம்?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

"யாரு சொன்னா? நான் போற வீட்டுலயெல்லாம் மத்தியானம் மூணு மணி வரைக்கும் நல்லாத்தான் தூங்குறாக. ஏசிய நிப்பாட்டுனாத்தான் முழிக்கிறாக. நிம்மதி இல்லங்குறதெல்லாம் நம்மளா சொல்லிக்கிறது."

அவருக்குப் பெரிய வீடுகளைப் பார்த்தால் மனம் நிறைந்துபோகும். பொறாமை கிடையாது. தேர் பார்க்கிறவனின் சந்தோஷம்.

தும்மல் நடந்தது அழகர்கோவில் சாலையில் உள்ள சோணையின் வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை. மண் அள்ளும் இயந்திரங்களை வாடகைக்கு விட்டு மேலே வந்தவர் சோணை. இப்போது நான்கு கல்யாண மண்டபங்கள், இரண்டு விடுதிகள். வீடு கட்டி ஆறு வருடத்தில் தரைத்தொட்டியை யாரும் திறந்ததில்லை. தண்ணீரை இறைக்கவே காலை முழுதும் ஆயிற்று. அவர் மனைவி முத்துமீனா குழிப்பணியாரமும் வெள்ளி டம்ளரில் காபியும் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். சிரித்துச் சிரித்துப் பேசுகிற பெண்மணி. பிறகு மெழுகுவர்த்தி இறங்கியது, லூர்துராஜ் இறங்கினார். கொஞ்ச நேரம் பாட்டே வரவில்லை.

"ரூத்தப்பா!"

"ஆத்தாடி..." குரல் எங்கிருந்தோ வந்தது. "பிலோமி, இது சம்ப்பு இல்லடீ. மண்டபம். பன்னெண்டு தூணு. அம்புட்டும் வெள்ள டைல்ஸு. நம்ம வீட்ட அப்படியே தூக்கி உள்ள வச்சாலும் சுத்தி வர எடம் இருக்கும்."

"அடி வழுக்கும். பாத்து."

"நீ உக்காந்திருக்க ஓட்ட வழியா வெளிச்சம் எறங்குது பாரு, நட்டுக்குத்தலா. அது பதிமூணாவது தூணு. அசையாதடீ, நீ தலைய ஆட்டுனா தூணு ஒடையுது."

அவள் அசையவில்லை. முழங்கால் இரண்டும் எரிந்தன. மூட்டு தேய்ந்துவிட்டது, தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. உள்ளே பாட்டு தொடங்கியது. அப்படி ஒரு குரலை அவள் இதுவரை கேட்டதில்லை. பாடியது அவர்தான், அதே தப்பான பாட்டுதான். பன்னிரண்டு தூணிலும் பட்டுத் திரும்பி, பன்னிரண்டு ஆட்கள் பாடுவதுபோல மேலே வந்தது. பாடகர் குழுவின் தலைவி இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் கையிலிருந்த கயிறுகூட அதிர்ந்தது.

நடுவில் அந்தத் தும்மல். அதற்குப் பிறகும் தொடர்ந்த பாட்டைக் கேட்டுத்தான் சோணை வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"உள்ள யாரு தங்கச்சி, ரேடியோவா?"

"எங்க வீட்டுக்காரருண்ணே."

"தங்கச்சி வீட்டுக்காரருன்னா எனக்கு மாப்ள." குனிந்து கத்தினார். "மாப்ள, நான் எறங்கலாமா? காசு குடுத்துக் கட்டுனதோட சரி, உள்ள பாத்ததே இல்ல."

அறுபது வயதுக்காரர் ஏணியில் இறங்கியபோது பிலோமினாள் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பேசுவதெல்லாம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. தொட்டி எதையும் மறைக்காது.

முதலில் சோணை ஈரச் சுவரைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "பேரையூர்ல எங்க தெருவே இதுக்குள்ள அடங்கிரும் மாப்ள," என்றார் கடைசியில். இன்னும் கொஞ்சம் தட்டினார். "எங்கிட்ட இருக்க மண்டபம், ஹாஸ்டலு, அம்புட்டுத் தொட்டியையும் நீயே பாரு. இருவது பயகள வச்சுக்க. நீ எறங்க வேணாம், ஏசி ரூம்ல உக்காந்து ஆள அனுப்பு. அஞ்சு வருசத்துல நீயும் எங்க ரோட்டுல வீடு கட்டிரலாம். தங்கச்சிய ஏன் வெயில்ல போட்டு வாட்டுற?"

"மேல யாருண்ணே உக்காருவா?"

"இருவது பேருல எவனாச்சும் ஒருத்தன் உக்காருவான். யோசி. நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்குப் போன் அடிக்கிறேன். சரின்னு ஒத்த வார்த்த சொன்னாப் போதும். இப்ப நீ ஏறு. நான் செத்த நேரம் இங்கனயே இருந்துட்டு வாரேன்."

லூர்துராஜ் மேலே வந்தார். முகம் சிவந்திருந்தது. பிலோமினாளின் பக்கத்தில் உட்கார்ந்து பணியாரம் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தொட்டிக்குள் சத்தமே இல்லை.

"அண்ணே!"

பதில் இல்லை.

"அண்ணே, இருக்கீகளா?"

"இருக்கேன்த்தா."

"சத்தம் குடுத்துக்கிட்டே இருக்கணும்ணே. பாடுங்க."

"எனக்கு ஏது பாட்டு?"

"பாட்டு இல்லாட்டி ஒண்ணு ரெண்டாச்சும் சொல்லுங்க."

கொஞ்சம் தயங்கி, சோணை எண்ணத் தொடங்கினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பதுபோல விறைப்பாக வந்தது. முத்துமீனா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு உள்ள, எங்க வீட்டுக்காரரா? நாப்பது வருசமா மேல காசு எண்ணுனது பத்தலையாமா?"

லூர்துராஜ் சிரித்தார். பிலோமினாளுக்குச் சிரிக்க நேரமில்லை. முப்பதைத் தாண்டியதும் குரல் இளகியது. ஐம்பதில் மெதுவாயிற்று. தூண்கள் ஒவ்வோர் எண்ணையும் வாங்கி வைத்திருந்து திருப்பிக் கொடுத்தன. ஓர் எண் முழுதாக அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னார் சோணை. முத்துமீனா படியிறங்கி வந்து நின்றார், அவர் சிரிப்பும் நின்றது. எழுபத்திநாலு. அதோடு சத்தம் இல்லை. பிலோமினாள் மூன்று வரை எண்ணினாள்.

"அண்ணே!"

வெகு ஆழத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"எழுவத்தஞ்சு," என்றார் சோணை.

சோணை மேலே ஏறி வந்தார். முத்துமீனா நீட்டிய துண்டை வாங்கிக் காலைத் துடைத்தார். பிறகு முகத்தையும் அதே துண்டால் துடைத்தார். போகும்போது திரும்பி, "ஒம்போது மணி மாப்ள," என்றார். பழையபடி உரத்த, சந்தோஷமான குரல்.

மொபெட்டில் ஊமச்சிகுளம் தாண்டினார்கள்.

"ஏசி ரூமாம்," என்றார் லூர்துராஜ்.

"ம்."

"எனக்கு எதுத்தாப்புல உனக்கும் ஒரு சேர் போடச் சொல்லுவோம்."

"நான் அங்கன உக்காந்து எதக் கேக்க?"

அவர் வண்டியை ஒரு பள்ளத்தில் விட்டு எடுத்தார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஸ்..." என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "சரின்னு சொல்லிருங்க," என்றாள். "என்னால தரையில உக்கார முடியல. ரூத்துக்கும் ஒரு நல்லது நடக்கணும்ல."

"எனக்கும் ஆசதான்டீ. இல்லன்னு சொன்னா மாதாவே நம்ப மாட்டா." ஹாரனை ஒருமுறை அழுத்தினார். எதிரில் யாரும் இல்லை. "நீயே சொல்லிரு. ஒம்போது மணிக்கு நான் உள்ள இருப்பேன், போனு ஒங்கிட்டதான இருக்கும்."

மறுநாள் சனிக்கிழமை. ஆனையூரிலேயே, தமிழ்வாணி என்ற ஓய்வுபெற்ற தபால் ஊழியரின் வீட்டில் வேலை. சின்னத் தொட்டி, தூண் கிடையாது. எட்டரைக்குத் தண்ணீர் இறைத்து முடிந்தது. மெழுகுவர்த்தி இறங்கியது, அணையவில்லை. லூர்துராஜ் இறங்கினார். பிலோமினாள் சாக்கை மடித்துப் போட்டு, ஒரு கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள். தமிழ்வாணி நாற்காலி கொண்டுவந்தார். நாற்காலியில் இருந்தால் காது எட்டாது என்றாள். முதல் வாளியில் ஒரு கரண்டியும் துணி மாட்டும் கிளிப் இரண்டும் வந்தன. கழுவி விளிம்பில் வைத்தாள்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. திரையில் சோணையின் பெயர். கையில் எடுத்து, அழுத்துமுன்னே வலது காதுக்குக் கொண்டுபோனாள். அந்தக் காது தொட்டியின் பக்கம் இருந்தது. இடது காதுக்கு மாற்றப் போய், பாதியில் கையை இறக்கினாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. உள்ளே பாட்டு நின்றது.

"ரூத்தப்பா!"

"இருக்கேன்டீ. போனு அடிக்குதுல்ல, அவருதான?"

"நீங்க பாடுங்க."

பாட்டு தொடங்கியது, விட்ட இடத்திலிருந்து அல்ல. பிலோமினாள் போனைச் சாக்கின் மடிப்புக்குள் செருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அது மூன்றாம் முறை அடித்தது. அவள் தொட்டியின் வாய்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள்.